பாட்டியோடு வடகடலுக்கு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்கும் முதல் கேள்வி "பாட்டியை ஏத்தியாச்சா?" என்பதுதான். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்த என் சித்தி, இதை முதல்முறை கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. "போன தடவை மாதிரி சாய்ச்சு வச்சிடாதீங்க, வழியெல்லாம் நாறும்" என்று நான் அடுப்படியிலிருந்து பதில் குரல் கொடுத்ததும்தான், கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

போர்ட்டா பாட்டி என்பது கையில் தூக்கிப் போகிற சின்னக் கழிப்பறை. மேலே உட்காரும் பெட்டி, கீழே கழற்றி எடுக்கிற தொட்டி, தொட்டிக்குள் ஊற்ற ஒரு நீல மருந்து. இங்கே கடைக்காரர் அந்தப் பெயரைச் சொன்னால் நம் காதில் பாட்டி என்றுதான் விழும். அதனால் எங்கள் வேனில் ஐந்தாவது ஆள் பாட்டி. (நாலாவது ஆள் யார் என்று கேட்காதீர்கள், அது என் வீட்டுக்காரரின் கருவிப்பெட்டி. அதற்கும் ஒரு இடம் வேண்டும், அதற்கும் ஒரு மரியாதை வேண்டும்.)

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். கடல் இல்லாத ஊர். கிழக்கே ஸ்கார்பரோவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், வடக்கே ஹோலி ஐலண்டுக்கு மூன்று மணி நேரம், இரண்டு பக்கமும் காத்திருப்பது வடகடல்தான். நான் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துக்காரி. எங்கள் ஊரில் ரோட்டைத் தாண்டி வடக்கே நடந்தால் ஒரு கடல், தெற்கே நடந்தால் இன்னொரு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், அமைதியானது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், கோபக்காரன். இதெல்லாம் பால்குடி மறக்கும் முன்பே காதில் விழுந்த பேச்சு. அதனால் கேம்பர்வேன் வாங்கி வாரக்கடைசியில் கடலோரமாய்ச் சைக்கிள் ஓட்டப் போகலாம் என்று முடிவானபோது, பெட்ரோலா டீசலா என்பதை அவரிடம் விட்டுவிட்டேன், கடல் சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அந்தத் திமிர் எங்கே போய் முட்டியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேன் ஒரு 2011 மாடல் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர். எங்களுக்கு முன்னால் ஒரு பிளம்பரிடம் இருந்தது, இன்னும் மழை நாளில் பின்பக்கம் லேசாகப் பசை வாசனை வரும். அதற்குப் பிறகு யாரோ கூரையை வெட்டி, தூக்கினால் எழும்புகிற துணிக்கூரை வைத்து, ஜன்னல் போட்டு, மடக்கினால் படுக்கையாகிற சீட்டும் இரண்டு அடுப்பும் ஒரு குட்டி ஃபிரிட்ஜும் வைத்திருக்கிறார்கள். மேலே மகள், கீழே நாங்கள். இஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டு விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக இன்னொரு பேட்டரி. வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், நிறுத்திவிட்டால் வீட்டு பேட்டரிதான் செலவாகும், காலையில் வண்டி கிளம்பாது என்ற பயம் இல்லை. டீசலில் ஓடும் ஒரு சின்ன ஹீட்டரும் உண்டு. ராத்திரி முழுக்க அதன் பம்ப் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, மூன்றாவது ராத்திரி அது நின்றதும் விழித்துக்கொண்டேன்.

படங்களில் கேம்பர்வேன் என்றாலே பின்கதவைத் திறந்துவைத்துக் கம்பளிக்குள் கால் நீட்டிக் கடலைப் பார்க்கிற காட்சிதான் இருக்கும். எங்கள் பின்கதவில் மூன்று சைக்கிள் தொங்குகிறது. அதைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் சைக்கிள்களை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாரத்துக்குக் கதவைத் தாங்கும் தண்டுகள் நிற்காது, தலையில் இறங்கிவிடும். சைக்கிள் நம்பர் பிளேட்டை மறைப்பதால் விளக்கோடு இன்னொரு பலகை வாங்கி அதற்குப் பின்னால் மாட்ட வேண்டும், மறைத்துக்கொண்டு ஓட்டினால் சட்டப்படி தப்பு. அப்புறம் காலையில் ஜன்னல். மூன்று பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து, ஓரம் வழியாக வழிந்து, திரைச்சீலையின் அடியை நனைத்து, பலகை இடுக்கில் தேங்கியிருக்கும். எழுந்ததும் முதல் வேலை டீ இல்லை, ஒரு பழைய துண்டை எடுத்து ஏழு கண்ணாடியையும் துடைத்துப் பிழிவது. பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். எவ்வளவு குளிர் அடித்தாலும் ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்துவைத்துப் படுக்க வேண்டும் என்பதை முதல் குளிர்காலம் கற்றுக்கொடுத்தது.

தாளிப்பு உள்ளே கிடையாது. இது என் சட்டம். துணிக்கூரை வாசனையை உறிஞ்சினால் விடவே விடாது. புளிசாதம், தயிர்சாதம், இட்லிப்பொடி தடவிய இட்லி எல்லாம் வீட்டிலிருந்தே வரும். உள்ளே வெந்நீர், முட்டை, நூடுல்ஸ் அவ்வளவுதான். ரொம்ப ஆசை வந்தால் கதவுக்கு வெளியே தனி அடுப்பை வைத்துக் காற்றுக்கு மறைப்புக் கட்டி, கடுகு வெடிக்கிறதா இல்லை சும்மா கிடக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சரி, எங்கே தூங்குவது? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வேன் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று நாங்களும் நினைத்துத்தான் வாங்கினோம். இங்கிலாந்தில் அப்படி ஒரு உரிமை கிடையாது. கடலைப் பார்த்த நல்ல கார் பார்க்கில் பாதிக்கு மேல் "இரவு தங்கக் கூடாது" பலகை இருக்கும், மிச்சத்தில் வாசலிலேயே இரும்புக் குறுக்குக் கம்பி, உயரம் 2 மீட்டர் அல்லது 2.1 மீட்டர். எங்கள் வேன் கூரை மூடியிருந்தால் இரண்டு மீட்டருக்கு ஒரு விரல் கம்மி. ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் போகும்போது நான் இறங்கி முன்னால் நின்று கையை ஆட்டுவேன், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார், ஏதோ அவர் தலைதான் இடிக்கப்போகிற மாதிரி.

ஊர்க்காரர்கள் மேலும் முழுக்கத் தப்பு சொல்ல முடியாது. கடற்கரைச் சாலையில் வரிசையாக இருபது வேன் ராத்திரி நின்றால், காலையில் யார் எதை எங்கே கொட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும். எங்கள் பாட்டியை நாங்கள் ஒழுங்காக வைத்துக்கொள்கிறோம், எல்லோர் பாட்டிக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது.

எங்களுக்குப் பிடித்த வழி, பண்ணைகள். 1960ல் வந்த கேரவன் சட்டத்தில் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற கேரவன் சங்கங்கள் சான்றிதழ் கொடுத்தால், ஒரு விவசாயி தன் வயலில் ஐந்து கேரவன் வரைக்கும் தனி லைசென்ஸ் இல்லாமல் தங்கவைக்கலாம். ஐந்துதான், ஆறாவது கூடாது. அதனால் பெரிய கேம்ப்சைட்டின் நீச்சல்குளமும் ராட்டினமும் இல்லாமல், ஒரு தண்ணீர்க் குழாய், பாட்டியைக் காலி செய்ய ஒரு குழி, சுற்றி ஆடு, ராத்திரிக்கு 15லிருந்து 20 பவுண்டு. விவசாயியின் வீட்டுக் கதவில் ஒரு டப்பா இருக்கும், பணத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சில இடத்தில் முட்டையும் வைத்திருப்பார்கள், அதற்கு இன்னொரு டப்பா.

இப்போது சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன், அதில்தான் எனக்கு வாய் நீளும்.

இங்கிலாந்தின் கடலோரம் முழுக்கச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. 2009ல் சட்டம் போட்டு, துண்டு துண்டாகத் திறந்து, இப்போது அரசர் மூன்றாம் சார்லஸ் பெயரில் ஏறக்குறைய 2,700 மைல். கேட்டதும் நான் குதித்தேன். நடப்பவர்களுக்கு மட்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இந்த நாட்டில் பாதையிலும் சாதி உண்டு. நடைபாதை என்றால் கால் மட்டும்தான். குதிரைப் பாதை என்று தனியாக ஒன்று, அதில் 1968லிருந்து சைக்கிளும் போகலாம், குதிரைக்கு வழிவிட்டு. ஆக, பாறை உச்சியில் கடலை ஒட்டிய அந்த அழகான ஒற்றையடிப் பாதையில் சைக்கிளுக்கு இடமில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில், முன்கூடையில் பையைப் போட்டுக்கொண்டு, எதிர்காற்றில் மண்டபம் ரோட்டில் எழும்பி எழும்பி மிதித்துப் பள்ளிக்கூடம் போனவளுக்கு இது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

பிறகு எதில்தான் ஓட்டுவது? செத்துப்போன ரயில்களின் மேல்.

இந்த ஊரில் கடலோரச் சைக்கிள் பாதைகளில் நல்லவை பலவும் ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடங்கள். கார்ன்வாலில் பாட்ஸ்டோவிலிருந்து போகிற கேமல் டிரெயில், கென்ட்டில் கேன்டர்பரியிலிருந்து விட்ஸ்டபிளுக்கு இறங்குகிற பாதை (1830லேயே அங்கே பயணிகள் ரயில் ஓடியிருக்கிறது), எங்களுக்குப் பக்கத்தில் ஸ்கார்பரோவிலிருந்து விட்பி வரை 21 மைல் சிண்டர் டிராக். சிண்டர் என்றால் எரிந்த நிலக்கரிக் கசடு. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்குப் பதிலாக அதைக் கொட்டியிருந்ததால் அந்தப் பெயர். ஸ்கார்பரோவில் அது ஒரு செயின்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்து தொடங்குகிறது, அதைவிடச் சாதாரணமான ஆரம்பம் எந்தப் பாதைக்கும் இருக்காது. 1885ல் திறந்த ரயில், 1965 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ரயில்வே தலைவராக இருந்த பீச்சிங் என்பவர் 1963ல் நஷ்டக் கணக்குப் போட்டு ஒரு அறிக்கை கொடுத்தார், அதில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மைல் தடங்கள் அடிபட்டன, அதில் இதுவும் ஒன்று.

1965 மார்ச் என்று படித்ததும் நான் விரல்விட்டு எண்ணினேன். அதற்கு இரண்டரை மாதம் முன்னால், 1964 டிசம்பர் 22 ராத்திரி, எங்கள் பக்கத்துத் தனுஷ்கோடி ரயிலைப் புயல் தூக்கிப் போனது. தாத்தா அந்தக் கதையை முழுசாய்ச் சொன்னதே இல்லை, பாம்பனிலிருந்து கிளம்பிய வண்டி போய்ச் சேரவில்லை என்பதோடு நிறுத்திவிடுவார். அங்கே ஒரே ராத்திரியில் கடல் முடித்த வேலையை இங்கே ஒரு கணக்குப்பிள்ளை பேனாவால் செய்திருக்கிறார். தனுஷ்கோடியில் ஸ்டேஷன் சுவர் மட்டும் மணலில் நிற்கிறது. இங்கே பாலம், பிளாட்பாரம், வெட்டிய மலை எல்லாம் அப்படியே இருக்க, என் மகள் மணியடித்துக்கொண்டு போகிறாள்.

நாங்கள் தங்கியது ஹாக்ஸ்கர் பக்கம் ஒரு வயலில். சனிக்கிழமை காலை அங்கிருந்து ராபின் ஹுட்ஸ் பே வழியாக ரேவன்ஸ்கார் வரை போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் 24 கிலோமீட்டர் சொச்சம், ஒன்பது வயசுக்கு அது போதும். லீட்ஸில் கிளம்பும்போது நல்ல வெயில். இங்கே மே, ஜூன் மாதத்தில் ஒரு கொடுமை உண்டு. கடல் இன்னும் ஜில்லென்று இருக்கும், மேலே வருகிற காற்று சூடாக இருக்கும், இரண்டும் பட்டு மூடுபனியாகக் கரையேறும். யார்க்ஷயர்க்காரர்கள் அதை ஃபிரெட் என்பார்கள். உள்ளே பத்து மைலில் ஆட்கள் பனியனோடு புல்வெட்டிக்கொண்டிருப்பார்கள், கரையில் நாங்கள் குல்லாவோடு. அன்றைக்கு ராபின் ஹுட்ஸ் பே வரை என் முன்சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடல் இடது பக்கம் இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஊருக்கும் ராபின் ஹுட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. கள்ளக்கடத்தலுக்குத்தான் சம்பந்தம். வீடுகள் ஒன்றோடொன்று அவ்வளவு நெருக்கம், கரையில் இறக்கிய பட்டுமூட்டை வெளிச்சத்தையே பார்க்காமல் வீட்டுக்கு வீடு கைமாறி மேலே வந்து சேரும் என்று கதை. கீழே இறங்கும் தெரு செங்குத்து. சைக்கிளை மேலேயே பூட்டிவிட்டு நடந்து இறங்கினோம், ஏறும்போது மூன்று பேரும் பேசவில்லை.

அங்கிருந்து ரேவன்ஸ்காருக்கு ரயில் ஏறிய ஏற்றம் 39க்கு 1. அதாவது 39 அடி போனால் ஓரடி உயரும். கேட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் நீராவி இஞ்சினுக்கு அது பெரிய மலை. ஃபிரெட் இறங்கித் தண்டவாளம் ஈரமாகிவிட்டால் சக்கரம் வழுக்கி வண்டி நின்றுவிடுமாம், பின்னால் இறங்கிப்போய் வேகம் பிடித்து மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும். இஞ்சினைத் திணறடித்த ஏற்றம், சைக்கிளுக்கு முனகிக்கொண்டே ஏறக்கூடிய ஏற்றம். எதிர்த்த பக்கத்துச் சாலையில் போனால் அந்த மலையில் குழந்தை கால்வாசி கூட ஏறியிருக்க மாட்டாள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால்தான் 140 வருஷத்துக்கு முன் யாரோ பாறையை வெட்டிச் சரிவைக் குறைத்துவைத்தார்கள், அந்தப் புண்ணியம் இப்போது எங்கள் முட்டிக்கு.

"அம்மா, ட்ரெயினும் இங்க அழுதுச்சா?" என்று பாதி வழியில் கேட்டாள்.

"அழுதுச்சு. பின்னாடி போயி மறுபடி வந்துச்சு. நீ பின்னாடி மட்டும் போயிடாத."

மேலே 190 மீட்டரில் ரேவன்ஸ்கார். இந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் நகர மனம் வரவில்லை. 1890களில் ஒரு கம்பெனி இங்கே ஸ்கார்பரோவுக்குப் போட்டியாக ஒரு பெரிய கடற்கரை நகரம் கட்டத் திட்டம் போட்டது. சாலை போட்டார்கள், சாக்கடை தோண்டினார்கள், மனை பிரித்தார்கள், ரயிலில் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். நம் ஊரில் பொட்டல் காட்டில் கல் நட்டுக் கொடி கட்டி, வேனில் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுக் காட்டுவார்களே, அதேதான். வந்தவர்கள் பார்த்தது காற்று. கடல் தெரிகிறது, ஆனால் 600 அடி கீழே, இறங்கினாலும் மணல் இல்லை, பாறை. 1913ல் கம்பெனி திவால். இன்றைக்கும் புல்வெளிக்கு நடுவே அகலமான தெரு ஒன்று எங்கும் போகாமல் போகிறது, இரு பக்கமும் வீட்டுக்குப் பதிலாக ஆடு. நாங்கள் அங்கே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அப்போதுதான் ஃபிரெட் விலகி, திரை இழுத்த மாதிரி விரிகுடா முழுக்கத் தெரிந்தது. பாறைத் தட்டுகள் வளையம் வளையமாய், வற்றிய கடலில் கருப்பாக. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இந்த மனைய நான் வாங்கியிருப்பேம்மா" என்றார். வாங்கியிருப்பார், எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை மறுபக்கம் விட்பி. நுழைவதற்குக் கொஞ்சம் முன் லார்பூல் பாலம், எஸ்க் ஆற்றுக்கு மேலே 120 அடி உயரத்தில் 13 வளைவு, சுமார் 50 லட்சம் செங்கல். சைக்கிளில் அதன் மேல் போகும்போது பாலம் தெரியாது, பாலத்தைப் பார்க்க இறங்கிக் கீழே போக வேண்டும், நாங்கள் போகவில்லை. விட்பியில் 199 படி, மேலே இடிந்த மடம், டிராகுலா பொம்மை விற்கும் கடைகள், அதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. யாரும் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். யார்க்ஷயரில் மீனும் சிப்ஸும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், அதுதான் அவர்களுக்குப் பெருமை. மாடு சாப்பிடாதவர்கள், சைவர்கள், வரிசையில் நிற்கும் முன்பே எந்த எண்ணெய் என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தாவர எண்ணெய்க் கடை எது என்று அவர்களே சொல்வார்கள். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. என் பிரச்சினை கடற்பறவை. தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறகுக்காற்று, அவ்வளவுதான், கையில் வெறும் காகிதம். மண்டபத்துக் காக்காயெல்லாம் இதனிடம் பாடம் படிக்க வேண்டும்.

இப்போது திமிர் முட்டிய இடம்.

ஹோலி ஐலண்ட் இருக்கிற நார்தம்பர்லாந்து, போன வருஷம் மே மாதம். வழியில் கிராஸ்டர் என்ற சின்னத் துறைமுகத்தில் நிறுத்திக் கிப்பர் வாங்கினோம். ஹெர்ரிங் மீனை முதுகுப்பக்கம் பிளந்து உப்பில் ஊறவைத்து ஓக் மரத்தூள் புகையில் மணிக்கணக்காகத் தொங்கவிடுவது கிப்பர். ஹெர்ரிங் நம் மத்திக்குச் சொந்தக்காரன். நாம் வெயிலில் காயவைக்கிறோம், இவர்களுக்கு வெயில் இல்லை, புகை. நான் விடுவேனா. அன்று ராத்திரி வெளியே மழை, அதனால் என் சட்டத்தை நானே மீறி வேனுக்குள் வாணலியில் போட்டேன். ருசி அபாரம். வாசனை ஆகஸ்ட் வரை இருந்தது. ஒரு கிண்ணத்தில் கிப்பரைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடிவைத்து ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தால் போதும், வெந்துவிடும், வாசனையும் அடங்கியிருக்கும் என்று பக்கத்துக் கேரவன் பாட்டி (இது நிஜப் பாட்டி) மறுநாள் சொன்னார். ஒரு நாள் முந்திச் சொல்லியிருக்கலாம்.

நாங்கள் நின்ற பண்ணை பீல் என்ற குக்கிராமத்துப் பக்கம். அங்கிருந்து ஹோலி ஐலண்டுக்கு 8 கிலோமீட்டர் இருக்கும். தீவுக்குப் பழைய பெயர் லிண்டிஸ்ஃபார்ன். 635ல் எய்டன் என்ற துறவி வந்து மடம் தொடங்கினார், 793ல் வைக்கிங்குகள் கப்பலில் வந்து அடித்தார்கள். அதற்குப் போகிற சாலை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலுக்கு அடியில் போய்விடும். தரைப்பாலச் சாலை போட்டதே 1954ல்தான், அதற்கு முன் மணலில் வண்டி கட்டிப் போயிருக்கிறார்கள். எங்கள் ராமேஸ்வரத்துக்குச் சாலைப் பாலம் 1988ல்தான் வந்தது என்பதால் எனக்கு இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. தீவு, கோயில், கடல், பாலம். இதைத்தானே பார்த்து வளர்ந்தேன்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றே ஒன்று. எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. இங்கே பெரிய ஏற்றம் வரும் நாளில் நான்கு மீட்டரைத் தொடும். மாடியில்லாத வீடு ஒன்று மூழ்கி எழுகிற அளவு.

கவுன்சில் வெளியிடும் பாதுகாப்பான நேர அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்தால் போதும், குழந்தைக்கும் புரியும். நான் பார்க்கவில்லை. கடைசி கடையில் வாங்கிய குட்டிப் புத்தகத்தில் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து மூன்று மணி நேரம் கூட்டினால் சாலை திறக்கும், அடுத்த ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மூடும் என்ற பொதுக்கணக்கை வைத்து நானே போட்டேன். ஏற்றம் 5.20. கூட்டினால் 8.20. எட்டேகாலுக்கெல்லாம் கிளம்பினோம். பீல் ரயில்வே கேட் மூடியிருந்தது, எடின்பரோ வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. நேற்றுவரை செத்த ரயிலிலேயே ஓட்டிப் பழகிய மகள் காதைப் பொத்திக்கொண்டாள். எட்டரைக்குக் கரையில் நின்றோம்.

சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப்போனது. வெள்ளைக்கோடு நாலடி தூரம் தெரிந்தது, அப்புறம் அலையடியில் நெளிந்தது, அப்புறம் இல்லை. தூரத்தில் தண்ணீருக்கு நடுவே மரக்கால்களில் ஒரு வெள்ளைக் கூண்டு, சிக்கிக்கொண்டவர்கள் ஏறி உட்கார. எங்களுக்கு முன்னால் ஒரு அறிவிப்புப் பலகை, அதில் கடலில் பாதி மூழ்கிய ஒரு காரின் படம், "இது நீங்களாகவும் இருக்கலாம்" என்று எழுதியிருந்தது.

"கடல் டிபார்ட்மெண்ட் உன்னுதுதானே?" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை, அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

முக்கால் மணி நேரம் நின்றோம். ஃபிளாஸ்கில் இருந்த டீ தீர்ந்தது. ஒன்பதேகால் வாக்கில் ரொட்டி ஏற்றிய ஒரு வேன் வந்து சாவகாசமாக நின்றது. டிரைவர் இறங்கி எங்களைப் பார்த்தார், என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், கேட்டு வாங்கினார். நேரே அட்டவணைப் பக்கத்துக்குப் போகாமல் முதல் பக்கத்தைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் கட்டைவிரலை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நேரமெல்லாம் கிரீன்விச் நேரம், கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ளவும். கடல் கோடைக்கெல்லாம் கடிகாரத்தைத் திருப்பாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வண்டிக்குள் போய்ப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

தப்பு எங்களுக்குச் சாதகமான பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். சீக்கிரம் வந்தோம், காத்திருந்தோம். ஏற்கெனவே கோடை நேரத்தில் போட்ட அட்டவணையை எடுத்துக்கொண்டு அதில் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கூட்டியிருந்தால், திரும்பும்போது குழந்தையோடு நடுவில் மாட்டியிருப்போம். அப்படி மாட்டுகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் லைஃப்போட் போய் எடுத்துவருகிறது.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் பார்த்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடல் பின்வாங்கியது கண்ணுக்கே தெரியவில்லை. மகள் தண்ணீரின் ஓரத்தில் ஒரு கிளிஞ்சலை வைத்தாள். பேச்சு மாறித் திரும்பிப் பார்த்தால் கிளிஞ்சல் காய்ந்த தார் மேல் இருந்தது, தண்ணீர் மூன்று எட்டு தள்ளி. மறுபடி வைத்தாள். நாலாவது கிளிஞ்சலுக்குள் சாலையின் முதுகு ஒரு மீன் முதுகு மாதிரி நடுவில் மட்டும் எழுந்து, இரு பக்கமும் தண்ணீர் ஓடைபோலச் சலசலத்து வடிந்தது. கடல்பாசி வெள்ளைக்கோட்டின் மேல் வாரிவிட்ட தலைமுடியாய்க் கிடந்தது. ரொட்டி வேன் முதலில் போனது. அதன் டயர் தடத்திலேயே நாங்கள்.

தீவில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, பழைய ஹெர்ரிங் படகுகளைக் குறுக்கே வெட்டிக் கவிழ்த்துப்போட்டுக் கதவு வைத்து, சாமான் போடும் கொட்டகையாக வைத்திருக்கிறார்கள். படகைத் தூக்கிப்போட மனசு வராத ஊர் என்றால் எனக்கு அங்கே சொந்தம் விட்டுப்போகாது. இன்னொன்று சீல்கள். மணல்திட்டில் கூட்டமாகப் படுத்துக்கொண்டு, இழவு வீட்டில் தூரத்திலிருந்து கேட்கிற ஒப்பாரி மாதிரி ஒரு சத்தம். மகள் பயந்துவிட்டாள், அப்புறம் அதே மாதிரி ஓலமிட்டுக்கொண்டே ஓட்டினாள். மடம், கோட்டை எல்லாம் பார்த்தோம். அங்கே எழுதிய புகழ்பெற்ற சுவிசேஷச் சுவடி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. மாலை நாலே முக்கால் வரை நேரம் இருந்தும், நாலரை தாண்டக் கூடாது என்று நான் இரண்டு மணியிலிருந்தே நச்சரித்து, மூன்றரைக்கெல்லாம் எல்லோரையும் கரை சேர்த்துவிட்டேன்.

உப்புத்தண்ணீர் சைக்கிள் சங்கிலிக்கு எமன். ராத்திரி லீட்ஸ் வந்ததும், பசியோ தூக்கமோ, முதலில் தோட்டக்குழாயைத் திறந்து மூன்று சைக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அன்றைக்கு ஒன்பதரை மணி இருட்டில் நான் டார்ச் பிடிக்க அவர் கழுவிக்கொண்டிருந்தார். மகளின் பின்சக்கரக் கம்பியில் ஒரு முழ நீளத்துக்குக் கடல்பாசி சுற்றியிருந்தது, மூன்று மணி நேரம் ரோட்டில் வந்தும் விழவில்லை. அவர் பிய்த்துப் போடப் போனார், அவள் ஓடிவந்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பாட்டியைக் கழுவ வேண்டியது என் முறை.